நாலு டிக்கெட்டின் விலை

அமெரிக்காவின் சிகாகோவில் 'டீம் மார்க்கெட்டிங் ரிப்போர்ட்' என்றொரு வணிக இதழ் உண்டு. விளையாட்டு அணிகளின் விற்பனைத் துறையில் இருப்பவர்களுக்காக நடத்தப்படுவது. சாதாரண ரசிகர் கையில் அது அகப்படுவதில்லை. 1991-இல் இந்த இதழ் ஒரு கணக்குப் போட்டது. சராசரி விலையில் நான்கு டிக்கெட், ஒரு காரை நிறுத்தக் கட்டணம், நான்கு ஹாட் டாக், நான்கு குளிர்பானம், இரண்டு கோப்பை பீர், இரண்டு ஆட்டக் கையேடு, இரண்டு தொப்பி. நாலு பேர் கொண்ட குடும்பம் ஒரு பேஸ்பால் ஆட்டம் பார்த்துவிட்டு வீடு திரும்ப எவ்வளவு ஆகும் என்று அணிவாரியாகக் கூட்டிப் போட்டு, அதற்கு 'ரசிகர் செலவுக் குறியீடு' என்று பெயர் வைத்தார்கள். அணிகளுக்காகச் செய்த கணக்கு அணிகளையே குத்தியது. ஆண்டுதோறும் பருவம் தொடங்கும்போது செய்தித்தாள்கள் அதை எடுத்துப் போட்டு, குடும்பஸ்தன் இனி மைதானம் பக்கமே போக முடியாது என்று புலம்புவது வழக்கமாகிவிட்டது.

2019 பருவத்தில் அந்தக் கணக்கு சராசரியாக 234 டாலர் சொன்னது. அதில் டிக்கெட்டுக்கு மட்டும் சுமார் 132. மீதி நூறு டாலர் சாப்பாடு, கார், தொப்பி. இது சராசரிதான். சிகாகோ கப்ஸ் அணியின் ரிக்லி ஃபீல்டுக்குப் போனால் 370 டாலரைத் தொட்டது. அரிசோனாவில் டைமண்ட்பேக்ஸ் ஆட்டத்துக்கு 142 டாலரில் முடிந்தது. ஒரே விளையாட்டு, ஒரே பருவம், இரண்டரை மடங்கு வித்தியாசம். அமெரிக்கக் கால்பந்துக்கு, அதாவது என்எஃப்எல் ஆட்டத்துக்கு, இதே கணக்கு 500 டாலரைத் தாண்டிவிடும். பேஸ்பாலில் ஒரு அணி சொந்த ஊரில் 81 ஆட்டம் ஆடுகிறது; என்எஃப்எல் அணி எட்டோ ஒன்பதோதான். விற்பதற்கு இருக்கை குறைவு, விலை அதிகம்.

இந்தக் கணக்கில் ஓட்டைகள் உண்டு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு தொப்பி வாங்குகிற குடும்பம் எங்கும் இல்லை. ஆட்டக் கையேட்டைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களும் அருகிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை மாலை, தோற்றுக்கொண்டே இருக்கும் அணியின் ஆட்டம், மேல்தட்டு இருக்கை என்று தேடினால் இதில் பாதிச் செலவில் போய் வரலாம். பல பேஸ்பால் மைதானங்களில் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போகவும் அனுமதி உண்டு. நியூயார்க் யாங்கீ ஸ்டேடியம்கூட அப்படித்தான். மறுபக்கம், இணையத்தில் டிக்கெட் வாங்கும்போது கடைசிப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும் சேவைக் கட்டணங்கள் இந்தக் கணக்கில் ஏறவில்லை. அந்தக் கட்டணங்களை முதலிலேயே சேர்த்து முழு விலையைக் காட்ட வேண்டும் என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் விதி போட்டு, அது நடைமுறைக்கு வந்ததே 2025 மே மாதத்தில்தான்.

இத்தனை குறை இருந்தும் அந்தக் கணக்கில் ஒரு நேர்மை இருக்கிறது. அது ஆளைக் கணக்கிடவில்லை, குடும்பத்தைக் கணக்கிடுகிறது. குடும்பத்துக்கு ஆகும் செலவு தனி ஆளின் செலவை நாலால் பெருக்கினால் வருவதில்லை. தனி ஆள் எந்த மூலையில் கிடைத்தாலும் உட்காருவார். குடும்பத்துக்கு நாலு இருக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். தனி ஆள் புதன்கிழமை போவார். பிள்ளைகளுக்குப் பள்ளி இருப்பதால் குடும்பம் சனி, ஞாயிறுதான் போக முடியும். தனி ஆள் பசியைப் பொறுத்துக்கொண்டு வெளியே வந்து சாப்பிடுவார். ஆறு வயதுக் குழந்தையிடம் அது நடக்காது. விலை உச்சத்தில் இருக்கிற நாளிலும் இடத்திலும்தான் குடும்பம் வந்து நிற்கிறது.

டிக்கெட் விலையை வைத்துக் கூட்டத்தைப் பொறுக்கியெடுக்கும் வித்தை புதிதல்ல. 1880-களில் அமெரிக்காவின் நேஷனல் லீக் 50 சென்ட் வாங்கியது. மைதானத்தில் பீர் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும் கிடையாது. கண்ணியமான கூட்டம் வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஞாயிறன்று மைதானத்தை வாடகைக்கு விட்டு, பீரும் விற்ற சின்சினாட்டி அணியை 1880-இல் வெளியே தள்ளினார்கள். வாரத்தில் ஆறு நாள் உழைத்த தொழிலாளிக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. 50 சென்ட் அவனுடைய நாள் கூலியில் கணிசமான பங்கு. அந்தக் கூட்டத்தைக் குறிவைத்துத்தான் 1882-இல் அமெரிக்கன் அசோசியேஷன் களமிறங்கியது: டிக்கெட் 25 சென்ட், ஞாயிறு ஆட்டம் உண்டு, பீர் உண்டு. செயின்ட் லூயிஸ் அணியின் முதலாளி கிறிஸ் ஃபான் டெர் ஆஹே, மதுக்கடை நடத்தி வந்த ஜெர்மானியக் குடியேறி. தன் கடைக்குக் கூட்டம் சேர்க்கத்தான் அவர் பேஸ்பாலுக்குள் வந்தார். பத்துப் பருவம் தாக்குப்பிடித்துவிட்டு 1891-உடன் அந்த அமைப்பு கலைந்தது. ஆனால் அவருடைய அணி நேஷனல் லீகில் சேர்ந்து இன்றும் கார்டினல்ஸ் என்ற பெயரில் ஆடுகிறது. இன்றைக்கு எந்த மைதானத்திலும் பீர் ஆறாக ஓடுகிறது, ஞாயிறு ஆட்டம் இல்லாத வாரம் இல்லை. 25 சென்ட் மட்டும்தான் நிலைக்கவில்லை.

விலை ஏன் ஏறுகிறது என்று கேட்டால் அணி முதலாளிகள் கைகாட்டுவது வீரர்களை. 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ் தந்த தீர்ப்பு பேஸ்பால் வீரர்களை ஒப்பந்தக் கட்டிலிருந்து விடுவித்தது. அதன் பிறகு சம்பளம் மளமளவென்று ஏறி, சராசரியே ஆண்டுக்கு நாற்பது லட்சம் டாலரைக் கடந்தது. அந்தச் சுமையைத்தான் ரசிகர் சுமக்கிறார் என்பது ஊரறிந்த வாதம். விளையாட்டுப் பொருளாதாரம் படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. வீரருக்கு ஆண்டுச் சம்பளம் பேசி முடித்தாகிவிட்டது. ஓர் இருக்கை கூடுதலாக நிரம்பினாலும் காலியாகக் கிடந்தாலும் அணிக்கு ஆகும் செலவு ஒன்றுதான். எனவே, ரசிகர் எவ்வளவு கொடுப்பார் என்பதைப் பார்த்துத்தான் டிக்கெட் விலை வைக்கப்படுகிறது. அப்படி வசூலாவதால்தான் வீரர்கள் தங்கள் பங்கைக் கேட்க முடிகிறது. இதற்குக் கையில் இருக்கும் சான்று கல்லூரிக் கால்பந்து. பல்லாண்டுக் காலம் அந்த மாணவர்களுக்குச் சம்பளமே கிடையாது. அதற்காக மிச்சிகனிலோ அலபாமாவிலோ டிக்கெட் மலிவாகக் கிடைத்ததா? இல்லை.

இதே துறையில் இன்னொரு புதிர் உண்டு. டிக்கெட் வருமானத்தை மட்டும் பார்த்தால் அணிகள் இன்னும் கூடுதலாகவே விலை வைக்கலாம். பல அணிகள் அப்படி வைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டின. தரும சிந்தனை ஒன்றும் காரணமில்லை. உள்ளே வந்தவர் கார் நிறுத்த, பீர் குடிக்க, தொப்பி வாங்கக் காசு எடுத்தாக வேண்டும். காலி இருக்கையில் உட்கார்ந்து யாரும் ஹாட் டாக் வாங்குவதில்லை. தொலைக்காட்சிக்கும் நிரம்பிய அரங்கம் தேவைப்படுகிறது. வாசலில் சற்று விட்டுக்கொடுத்து உள்ளே பிடுங்குகிற வியாபாரம் இது. இதில் அதிகம் மாட்டுவது குழந்தைகளோடு வந்தவர்கள்தான்.

2009-இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணி இரண்டாயிரம் இருக்கைகளை வைத்து ஒரு சோதனை செய்தது. எதிரணி யார், பந்து வீசப்போவது யார், வானிலை எப்படி, எவ்வளவு டிக்கெட் விற்றிருக்கிறது என்று பார்த்து விலையை அன்றாடம் மாற்றினார்கள். அடுத்த ஆண்டே அரங்கம் முழுவதற்கும் அது வந்தது. பிறகு மற்ற அணிகளுக்கும் பரவியது. தீபாவளிக்கு முந்தின நாள் ஆம்னி பஸ் கட்டணம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சனிக்கிழமையும் பெரிய எதிரணியும் சேர்ந்தால் விலை ஏறும். குடும்பங்கள் போக விரும்புவது அதே நாளுக்குத்தான். ஆனால் இம்முறையில் ஒரு நன்மையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது: யாரும் சீந்தாத ஆட்டங்களுக்கு விலை இறங்கும். பேராசைக்கும் எல்லை உண்டு என்பதை யாங்கீஸ் அணி அதே 2009-இல் கற்றது. புதிய மைதானத்தின் முன்வரிசையில் ஓர் இருக்கை 2,500 டாலர் என்று வைத்தார்கள். தொலைக்காட்சியில் கேமரா திரும்பும்போதெல்லாம் காலி நாற்காலிகள் தெரிந்தன. ஏப்ரல் முடிவதற்குள் அவற்றில் பலவற்றின் விலை 1,250 ஆனது.

உள்ளே பிடுங்குகிற வியாபாரத்தை ஒருவர் தலைகீழாக்கிப் பார்த்தார். அட்லாண்டா ஃபால்கன்ஸ் என்ற என்எஃப்எல் அணியின் உரிமையாளர் ஆர்தர் பிளாங்க். 2017-இல் மெர்சிடீஸ் பென்ஸ் ஸ்டேடியம் திறந்தபோது ஹாட் டாக் 2 டாலர், தண்ணீர் 2 டாலர், எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளும் குளிர்பானம் 2 டாலர், பீர் 5 டாலர் என்று விலைப்பலகை வைத்தார். பழைய அரங்கத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி விலை. வரியும் அதற்குள் அடக்கம். சில்லறை எண்ணும் வேலையில்லை, வரிசை சீக்கிரம் நகர்ந்தது. முதல் பருவ முடிவில் கணக்குப் பார்த்தால், ஆளுக்குச் சாப்பாட்டுச் செலவு குறையவில்லை, முந்தைய ஆண்டைவிட 16 விழுக்காடு கூடியிருந்தது. முன்பு வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள், இப்போது சீக்கிரம் வந்து மைதானத்திலேயே சாப்பிட்டார்கள். நல்ல கதைதான். ஆனால் அதே அரங்கத்தில் பருவ டிக்கெட் வாங்குவதற்கான உரிமைக்கு மட்டும், டிக்கெட் விலை தனி, சில இருக்கைகளில் 45,000 டாலர் வரை வாங்கினார்கள். ஹாட் டாக் மலிந்தது; நல்ல இருக்கை மலியவில்லை.

இந்த 'இருக்கை உரிமை' அமெரிக்காவில் பரவலான ஏற்பாடு. 1990-களில் கரோலினா பாந்தர்ஸ் அணி மைதானம் கட்டப் பணம் திரட்டியபோது இதைப் பெரிய அளவில் பயன்படுத்தியது. அதன் பிறகு எழுந்த புதிய என்எஃப்எல் மைதானங்கள் பலவற்றில் இது வந்துவிட்டது.

இங்கிலாந்துக் கால்பந்தின் கதை வேறு வகை. 1989-இல் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி 97 லிவர்பூல் ரசிகர்கள் இறந்தார்கள். விசாரித்த நீதிபதி டெய்லர், நின்று பார்க்கும் இடங்களை ஒழித்து எல்லாருக்கும் இருக்கை போடச் சொன்னார். அதைக் காரணம் காட்டி விலை ஏற்றக்கூடாது என்பதையும் உணர்த்தினார். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 6 பவுண்டுக்கு இருக்கை கிடைப்பதை உதாரணமாகக் காட்டினார். இருக்கைகள் வந்தன. 6 பவுண்டு வரவில்லை. 2016 பிப்ரவரியில் லிவர்பூல் அணி உச்ச விலையை 77 பவுண்டாக அறிவித்தது. சண்டர்லாண்டுக்கு எதிரான ஆட்டத்தில், 77-ஆவது நிமிடத்தில், பத்தாயிரம் பேரளவில் எழுந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் இரண்டு கோல் முன்னிலை. ஆட்டம் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு. சில நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு 59 பவுண்டுக்கே திரும்பினார்கள். அடுத்த மாதம் பிரீமியர் லீக் அணிகள் எல்லாம் கூடி, எதிரணி ஊருக்குப் பயணம் செய்து வரும் ரசிகருக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தன. அந்த ஆண்டு தொடங்கிய உள்நாட்டுத் தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் மதிப்பு ஐந்நூறு கோடி பவுண்டுக்கு மேல். 30 பவுண்டு வரம்பால் எந்த அணியும் நொடிக்கவில்லை.

ஜெர்மனியில் விலை தாழ்ந்திருப்பதற்குப் பின்னால் ஒரு சட்டதிட்டம் இருக்கிறது. 1998 முதல், பெரும்பாலான அணிகளில் வாக்குரிமையின் பாதிக்கு மேல் சங்க உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். ரசிகர்களே உறுப்பினர்களாக இருக்கும் இடத்தில் விலை ஏற்றுவது எளிதல்ல. டார்ட்மண்டின் தெற்கு கேலரியில் ஏறத்தாழ 25,000 பேர் நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கிறார்கள். டிக்கெட் 20 யூரோவுக்குள். பல ஊர்களில் ஆட்ட டிக்கெட்டே அன்றைய பஸ், ரயில் டிக்கெட்டும் ஆகும். விலையை ஏற்றினால் கிடைக்கும் கூடுதல் வருமானம், ஒரு வீரரை வாங்கும் பேச்சில் ஐந்து நிமிடத்தில் கரைந்துவிடும். ரசிகருக்கோ அந்த விலை உயர்வு பெரிய தொகை என்ற பொருளில் பயர்ன் மியூனிக்கின் ஊலி ஹோனஸ் பேசியதை ஐரோப்பிய ரசிகர் சங்கங்கள் இன்றும் நினைவூட்டிக்கொண்டிருக்கின்றன.

இனி சென்னையின் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம். 2024 ஐபிஎல் தொடக்க ஆட்டத்துக்கு, சென்னைக்கும் பெங்களூருக்கும், மிகக் குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய், உச்சம் 7,500. குறைந்ததிலேயே நாலு வாங்கினால் 6,800 ரூபாய். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டக் கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். நாலு டிக்கெட்டுக்கு 21 நாளுக்கு மேல் உழைக்க வேண்டும். அமெரிக்காவின் 234 டாலர் கணக்கை அந்நாட்டு மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலரால் வகுத்தால் 32 மணி நேரம், அதாவது நாலு நாள் வேலை. அதில் காரும் சாப்பாடும் தொப்பியும்கூட அடக்கம். மைதானம் அங்கேதான் கைக்கெட்டாமல் போய்விட்டது என்று நாம் பரிதாபப்படுவதற்கு இடமில்லை.

அந்த 1,700 ரூபாய் டிக்கெட்டும் கிடைத்தால்தானே. அதே ஆட்டத்துக்கு முன்பு, கிரிக்கெட் வீரர் அஸ்வின் சமூக ஊடகத்தில் சென்னை அணியிடம் பகிரங்கமாக உதவி கேட்டார்: டிக்கெட்டுக்கு நம்ப முடியாத கிராக்கி, பிள்ளைகள் தொடக்க விழா பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று. இந்தியாவுக்கு நூறு டெஸ்ட் ஆடியவருக்கே அந்த நிலைமை. சேப்பாக்கத்தில் 2023-இல் கலைஞர் ஸ்டாண்ட் திறந்த பிறகு ஏறக்குறைய 38,000 பேர் உட்காரலாம். லீக் சுற்றில் உள்ளூர் ஆட்டங்கள் ஏழு. விளம்பரதாரர்கள், சங்கத்தின் கழகங்கள், உறுப்பினர்கள் பங்கு போக மிச்சம்தான் பொது விற்பனைக்கு. கோடிக்கு மேல் மக்கள் வாழும் மாநகரத்தில் இது யாருக்கும் போதாது. கவுண்டரில் இரவு முழுக்கக் காத்துக் கிடந்த காலம் போய் இணைய வரிசை வந்திருக்கிறது; உங்களுக்கு முன்னால் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் என்று திரை சொல்லும். ஆளுக்கு இரண்டு டிக்கெட் என்று கட்டுப்பாடு வரும்போது, பதுக்கலுக்கு எதிரான அந்த நல்ல விதியே குடும்பத்தை இரண்டாக வெட்டுகிறது: அம்மாவும் ஒரு பிள்ளையும் ஒரு பக்கம், அப்பாவும் இன்னொரு பிள்ளையும் எதிர்ப்பக்கம்.

வரியும் தன் பங்குக்கு வருகிறது. ஐபிஎல் டிக்கெட்டுக்கு 28 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு. ஆயிரம் ரூபாய் டிக்கெட் 1,280 ஆக இருந்தது, இப்போது 1,400. குதிரைப் பந்தயத்தோடும் சூதாட்டக் கூடத்தோடும் ஒரே வரிசையில் நிற்கிறது பிள்ளைகளோடு கிரிக்கெட் பார்ப்பது. அங்கீகரிக்கப்பட்ட மற்ற விளையாட்டுப் போட்டிகளில் 500 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு வரியே இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஐபிஎல் அல்லாத கிரிக்கெட்டும் மலிவாக இருந்ததுண்டு: 2021 பிப்ரவரியில் இங்கிலாந்து டெஸ்டுக்குச் சேப்பாக்கத்தில் ஒரு நாள் டிக்கெட் 100 ரூபாயில் தொடங்கியது. 2024 செப்டம்பரில் வங்கதேச டெஸ்டுக்கு அது 1,000.

சென்னை ஒரு விஷயத்தில் ஜெர்மனியின் வழியில் போயிருக்கிறது. ஆட்ட டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோ ரயிலிலும் மாநகரப் பேருந்திலும் இலவசமாகப் போய் வர அண்மைய பருவங்களில் ஏற்பாடு செய்தார்கள். அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். தாம்பரத்திலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ நாலு பேராக வரும் குடும்பத்துக்கு இது உண்மையான சேமிப்பு. உள்ளே தண்ணீர் பாட்டில்கூட எடுத்துப் போக முடியாது என்பதால், மிச்சம் பிடித்த காசு மைதானத்துக்குள் போய்விடும் என்பது தனி.

மலிவாக விற்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் சவானா பனானாஸ் பேஸ்பால் அணி சாட்சி. 2016-இல் 15 டாலர் டிக்கெட்டில் வேண்டிய மட்டும் ஹாட் டாக், பர்கர், குளிர்பானம் என்று குடும்பங்களை வரவழைத்தார்கள். புகழ் பரவியதும் டிக்கெட்டுக்குக் குலுக்கல் வந்தது. மறுவிற்பனைச் சந்தையில் அதே டிக்கெட் பல மடங்குக்குப் போனது. விலையைக் குறைத்தால் மட்டும் போதாது, அந்தக் குறைந்த விலை போய்ச் சேர வேண்டியவரிடம் சேர்வதற்கு வழியும் வேண்டும். குலுக்கலில் வந்த டிக்கெட்டைக் கொள்ளை விலைக்கு விற்க முடியாமல் செய்தால்தான் குலுக்கலுக்கு அர்த்தம் உண்டு.

தனியார் வியாபாரத்தில் விலை வைக்க யாருக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். மைதானங்கள் அப்படி முழுக்கத் தனியாருடையவை அல்ல. 2000-க்குப் பிறகு கட்டிய அல்லது பெரிதாகப் புதுப்பித்த 36 அமெரிக்க அரங்கங்களுக்கு வரிவிலக்குக் கடன் பத்திரங்கள் வழியாக மத்திய அரசு இழந்த வரி 370 கோடி டாலர் என்று புரூக்கிங்ஸ் நிறுவனம் 2016-இல் கணக்கிட்டது. லாஸ் வேகஸ் பகுதியின் அலீஜியன்ட் ஸ்டேடியத்துக்கு விடுதி வரியிலிருந்து 75 கோடி டாலர் போனது. சேப்பாக்கம் மைதானம் நிற்பது தமிழ்நாடு அரசு நிலத்தில், குத்தகைக்கு. ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 2023 முதல் 2027 வரை 48,390 கோடிக்குப் போயிருக்கிறது, ஆட்டம் ஒன்றுக்கு ஏறக்குறைய 118 கோடி ரூபாய். வாசலில் வசூலாகும் டிக்கெட் காசை நம்பி இந்த வண்டி ஓடவில்லை.

அரசும் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கமும் அணியும் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம் ஒன்று இருக்கிறது. ஒரு ஸ்டாண்டின் கீழ்த்தளத்தை மட்டும் குடும்பங்களுக்கு ஒதுக்கட்டும். நாலு இருக்கை சேர்ந்தாற்போல், ஒரே விலையில், பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணத்தில், பெயரும் அடையாளமும் சரிபார்த்துக் குலுக்கலில் கொடுக்கட்டும். வர முடியாதவர் வாங்கிய விலைக்கே திருப்பிக் கொடுக்கட்டும். தண்ணீர் இலவசமாகக் கிடைக்கட்டும். அடுத்த குத்தகைப் பேச்சின்போது இதை ஒரு நிபந்தனையாகவே எழுதிவிடலாம்.